'ஓசி' எங்கிருந்து வந்தது? மல்லசமுத்திரம் டவுன் பஸ்ஸில் கேட்ட ஒரு சொல்லின் கதை

திருச்செங்கோட்டிலிருந்து மல்லசமுத்திரம் போகும் டவுன் பஸ் அது. காலை நேரம், நிற்கக்கூட இடமில்லை. பள்ளிப் பிள்ளைகள், தறிப்பட்டறைக்குப் போகிறவர்கள், மடியில் தூக்குப் போசியுடன் பெண்கள்.

பின்னாலிருந்து ஒரு குரல்: "காசு குடுத்தவன் நிக்கறான், ஓசியில வர்றவங்க உக்காந்துட்டு வர்றாங்க!"

சிலர் சிரித்தார்கள். என் பக்கத்தில் இருந்த அம்மா மட்டும் கையிலிருந்த டிக்கெட்டை நாலாக மடித்து, சுருக்குப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

'ஓசி' என்ற சொல் எங்கிருந்து வந்தது? வாட்ஸ்அப்பில் உங்களுக்கும் அந்தக் கதை வந்திருக்கும். கிழக்கிந்திய கம்பெனி காலத்தில் அலுவலகக் கடிதங்களுக்குத் தபால் கட்டணம் கிடையாதாம். 'ஆன் கம்பெனி சர்வீஸ்' என்பதன் சுருக்கமாக உறையின் மேல் 'ஓ.சி.எஸ்.' என்று குறிப்பார்களாம். அதுவே நம் வாயில் 'ஓசி' ஆகிவிட்டதாம். மலையாளிகள் சொல்லும் 'ஓசு'க்கும் இதே கதைதான்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. காலமும் ஓரளவு பொருந்துகிறது. தூரத்தைப் பார்க்காமல் நாடு முழுக்க ஒரே கட்டணம் என்ற முறை 1854-ல்தான் வந்தது. அதற்கு முன் தூரம் கூடக் கூடக் கட்டணமும் கூடும். அப்படிப்பட்ட காலத்தில் காசில்லாமல் போகும் கடிதத்தை ஊரே வியந்து பார்த்திருக்கும். 1858-ல் கம்பெனி ஆட்சி முடிந்தது. 1866 முதல் அரசுக் கடிதங்களுக்கென்றே 'சர்வீஸ்' என்று அச்சிட்ட தபால் தலைகள் வந்தன.

ஆனால், இந்தக் கதையைப் பகிர்கிறவர்கள் யாரும் அப்படி எழுதிய ஓர் உறையைக் காட்டி நான் பார்த்ததில்லை. சுருக்கெழுத்துக் கதைகள் பலவும் பிறகு கட்டப்பட்டவையே. ஆங்கிலத்தில் 'பாஷ்' என்ற சொல் இந்தியாவுக்கு வந்த கப்பல் டிக்கெட்டில் பிறந்தது என்பார்கள். அதற்கும் சான்று இல்லை. நாம் தினமும் சொல்லும் 'ஓகே'வுக்கு மட்டும் சான்று உண்டு. 1839-ல் பாஸ்டன் நகரப் பத்திரிகை ஒன்று வேடிக்கைக்காக, வேண்டுமென்றே தப்பான எழுத்துகளில் போட்ட சுருக்கம் அது.

சரி, ஓ.சி.எஸ். கதை நிஜமென்றே வைத்துக்கொள்வோம். அந்தக் கடிதம் இலவசமாகவா போனது? சுமந்து ஓடிய தபால்காரருக்குச் சம்பளம் உண்டு. அது கம்பெனி கஜானாவிலிருந்து வந்தது. கஜானாவுக்கு, வரி கட்டிய நம் குடியானவர்களிடமிருந்து வந்தது. கதைப்படியே பார்த்தாலும் 'ஓசி'க்கு யாரோ காசு கொடுத்திருக்கிறார்கள்.

இந்த பஸ்ஸும் அப்படித்தான். 2021 மே மாதம் சாதாரண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் தொடங்கியது. அதற்காகப் போக்குவரத்துக் கழகங்களுக்கு 1,200 கோடி ரூபாய் மானியம் என்று அப்போதே அரசு அறிவித்தது. காசு வாங்காவிட்டாலும் டிக்கெட் கொடுப்பது ஏன் என்று கண்டக்டரிடம் கேட்டேன். "எத்தன பேரு போனாங்கன்னு கணக்கு வேணுமில்லீங்க?" என்றார்.

மல்லசமுத்திரத்தில் இறங்கினோம். கூட்டுறவு சங்கத்தின் பருத்தி ஏலத்துக்குப் பேர்போன ஊர். தெருவுக்குள் நுழைந்ததுமே தறிச் சத்தம் காதை அடைத்தது. அந்த அம்மா தார் சுற்றும் வேலைக்குப் போகிறவர்.

"அவரு பேசினது வருத்தமா இருந்துச்சாம்மா?"

"பழகிப்போச்சு கண்ணு. மிச்சமாகற காசுல பேத்திக்கு நோட்டு வாங்கறேன். ஆனா ஓசின்னு சொல்றப்பத்தான் சுருக்குங்குது. சோப்பு வாங்கினா, எண்ண வாங்கினா, நானும் வரி கட்டறேனல்ல?"

கம்பெனிக் கடிதக் கதையை அவரிடம் சொன்னேன். கேட்டுச் சிரித்தார்.

"அப்போ அந்தக் கடுதாசியும் என்னாட்டந்தான். ஏதோ வேலையாப் போயிருக்குது!"

சொல்லிவிட்டு வேகமாக நடந்தார். பட்டறையில் வேலை ஆரம்பித்திருந்தது.