சாளைக்குப் போன வைஃபை

டவுன்ல ஒரு வீட்டுக்கு ஒரு ரவுட்டர் போதும். எங்க தோட்டத்துல வீடு ஒரு பக்கம், கட்டுத்தரையும் அப்பா படுக்கிற சாளையும் இன்னொரு பக்கம். நடுவுல மண் சுவரு, தகரக் கூரை. வைஃபை வாசலைத் தாண்டாது.

அப்பாவுக்கு எண்பது ஆச்சு. மாட்டை விட்டுட்டு வீட்டுக்கு வந்து படுங்கன்னா கேக்க மாட்டார். சாளை பள்ளத்துல இருக்கு, செல்போன் டவரும் எடுக்காது. தை மாசம் ஒரு ராத்திரி மூச்சு வாங்கி, விடியற வரைக்கும் தனியா உக்காந்திருக்கார். பால் கறக்கப் போனப்பத்தான் எங்களுக்கே தெரிஞ்சுது. "கூப்பிட்டா மட்டும் உங்களுக்குக் கேக்குமாக்கும்?"னார்.

மகன்கிட்ட பழைய ரவுட்டர் ஒண்ணு சும்மா கிடந்துச்சு. அவன் போன்ல சொல்லச் சொல்ல நான் செஞ்சேன். முதல்ல அதை மட்டும் லேப்டாப்புல மாட்டி, 192.168.1.1னு இருந்த முகவரியை 192.168.1.2ன்னு மாத்தினேன். வீட்டு ரவுட்டருக்கும் அதே 192.168.1.1தான், ரெண்டும் ஒண்ணா இருந்தா குழப்பம். அடுத்தது டிஹெச்சிபியை நிறுத்தணும். ஒவ்வொரு போனுக்கும் நம்பர் பிரிச்சுக் கொடுக்கிற வேலை அது. வாய்க்கால்ல மடை திறக்கிறவன் ஒருத்தனாத்தான் இருக்கணும், ரெண்டு பேர் திறந்தா சண்டைதான். வைஃபை பேரும் பாஸ்வேர்டும் ரெண்டுலயும் ஒண்ணே. சேனல் மட்டும் அங்க 1, இங்க 6.

அப்புறம் ஒயர். வீட்டு ரவுட்டரோட லேன் ஓட்டையிலிருந்து புது ரவுட்டரோட லேன் ஓட்டைக்கு. வேன்னு எழுதின ஓட்டை காலியாவே இருக்கட்டும். இந்த ஒயர் 100 மீட்டர் வரைக்கும் இழுக்கலாம். எங்களுக்கு 65 மீட்டர். எலி கடிக்காம இருக்க பிவிசி பைப்புக்குள்ள விட்டு மண்ணுல புதைச்சேன். இடி மின்னல் வந்தா ரெண்டு பக்கமும் கழட்டி வச்சுருவோம். கரண்டு போனா ரெண்டு ரவுட்டரும் படுத்துரும், அதனால ஆளுக்கொரு சின்ன யூபிஎஸ்.

அப்பா கையில மகனோட பழைய போன். என் போட்டோவைத் தொட்டா வாட்ஸ்அப்புல எனக்கு மணி அடிக்கும்.

போன வாரம் ராத்திரி 2 மணிக்கு அடிச்சுது. பதறிப்போய் எடுத்தேன். "செவலை கன்னு போடப் போவுது, வெரசா வா"ன்னார். கன்னு நல்லபடியா விழுந்துச்சு, கிடாரி.

மாட்டுக்குன்னா கூப்பிடுறார். தனக்கு முடியலைன்னா கூப்பிடுவாரா? அதுக்கு எந்த ரவுட்டர்லயும் செட்டிங் இல்லீங்க. அதனால தினமும் படுக்கப் போறதுக்கு முன்னாடி நானே ஒரு தடவை கூப்பிட்டுருவேன்.