காணாக்கடியும் ஃபர்சேனும்



புதுச்சேரி ரயிலடியில் குதிரை வண்டிகள் வரிசையாக நின்ற காலம் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். அந்தக் குதிரைகளுக்கு வந்த ஒரு தொல்லையைப் பற்றித்தான் இன்று எழுதுகிறேன். நேற்று வரை வழவழப்பாக இருந்த தோலில், காலையில் பார்த்தால் கட்டி கட்டியாக எழும்பியிருக்கும். என்ன, ஏது என்று புரியாது.

குமாஸ்தாவாக இருந்தவனுக்கு இதில் என்ன தெரியும் என்று கேட்பீர்கள். எழுபதுகளில் சில ஆண்டுகள் கால்நடை மருத்துவப் பிரிவில் எழுத்தராக இருந்தேன். ஊசி பிடிக்கத் தெரியாது. ஆனால் டாக்டர் குதிரையைத் தடவிக்கொண்டே சொல்லச் சொல்ல, பக்கத்தில் நின்று எழுதியிருக்கிறேன். எழுத எழுதக் கொஞ்சம் மனசில் தங்கிவிட்டது.

எங்கள் டாக்டர் கட்டியைக் கண்ணால் பார்த்துப் பெயர் சொல்ல மாட்டார். கையை வைப்பார். அழுத்தினால் குழி விழுகிறதா, கல் மாதிரி இருக்கிறதா? குதிரை வலியில் விலகுகிறதா? மேலே முடி இருக்கிறதா, உதிர்ந்துவிட்டதா? உடம்பில் எந்த இடம்? எத்தனை நாளாக? இவ்வளவும் கேட்ட பிறகுதான் வாயைத் திறப்பார்.

ஓரிரு மணி நேரத்தில் உடம்பெல்லாம் தடித்து, விரலால் அழுத்தினால் குழி விழுந்தால், நமக்கு வருகிற காணாக்கடிதான் அது. பூச்சிக் கடி, புதுத் தீவனம், போட்ட மருந்து என்று ஏதோ ஒன்று ஒத்துக்கொள்ளாமல் வருவது. பெரும்பாலும் தானே அடங்கிவிடும். அடங்காவிட்டால் ஒவ்வாமைக்கான ஊசி. மூச்சு வாங்கினாலோ முகம் வீங்கினாலோ மட்டும் ஒரு நிமிஷமும் தாமதிக்கக் கூடாது.

முதுகிலும் சேணம் படுகிற இடத்திலும் பட்டாணி அளவில் கெட்டியான உருண்டைகள், மேலே முடி அப்படியே, வலியும் இல்லை என்றால், அது பெரும்பாலும் ஈ, கொசுக் கடிக்குத் தோல் காட்டும் பதில். வட்ட வட்டமாக முடி உதிர்ந்து செதில் எழுந்தால் படர்தாமரை. அந்தக் குதிரையின் பிரஷ்ஷையும் துணியையும் அடுத்த குதிரைக்குத் தொடவே கூடாது. இளங்குட்டியின் மூக்கைச் சுற்றி வரும் மருக்கள் சில மாதங்களில் தாமே உதிரும். ஆனால் வளர்ந்த குதிரைக்கு மரு மாதிரி வருவது சார்காய்ட் என்னும் தோல் கழலையாக இருக்கலாம். குதிரைகளுக்கு அதிகமாக வரும் தோல் கழலை அதுதான். நூலால் கட்டுவது, சுடுவது என்று கைவைத்தியம் செய்தால் முன்னைவிடப் பெரிதாகத் திரும்பி வரும். வயதான வெள்ளைக் குதிரையின் வால் அடியில் கருப்பு உருண்டைகள் தென்பட்டால் அது மெலனோமா. அந்த நிறக் குதிரைகளுக்கு வயதானால் மிகச் சாதாரணம்.

இவை எல்லாவற்றுக்கும் ஏதோ ஒரு வழி உண்டு. வழியே இல்லாதது ஒன்று இருக்கிறது. ஆங்கிலத்தில் கிளாண்டர்ஸ், பிரெஞ்சில் மோர்வ். அதுவே தோலில் வந்தால் ஃபர்சேன் என்பார்கள். பின்னங்காலின் உள்பக்கம், நிணநீர்க் குழாய் போகிற வழியிலேயே கட்டிகள் கோர்த்தாற்போல் வரிசையாக எழும்பி, உடைந்து, தேன் மாதிரி பிசுபிசுப்பாக ஒழுகும். தொத்திக்கொள்ளும் நோய். மனிதனுக்கும் தொத்தி உயிரை வாங்கும். அதனால்தான் அன்றைய இந்திய அரசு 1899-லேயே இதற்கென்று தனிச் சட்டம் போட்டது. நோய் உறுதியானால் மருந்து கிடையாது, குதிரையைக் கொன்றுவிட வேண்டியதுதான்.

1973-ஆம் வருஷம். முத்தியால்பேட்டைப் பக்கம் ஒரு வண்டிக்காரர் இருந்தார். நாங்கள் மாமா என்றுதான் கூப்பிடுவோம். ரிக்‌ஷாவும் டவுன் பஸ்ஸும் வந்து, குதிரை வண்டிப் பிழைப்பு படுத்துக்கொண்டிருந்த நேரம். அவருக்கு இருந்தது ராணி என்ற ஒரே ஒரு செந்நிறக் குதிரையும், மூன்று பிள்ளைகளும். மழைக்காலம் முடிந்த சமயம், ராணியின் முதுகிலும் விலாவிலும் கட்டிகள் கிளம்பின. பின்னங்காலிலும் ஒரு புண்.

அதே தெருவில் சைகோன் வரை போய் வந்த ஒரு பழைய சொல்தா இருந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் குதிரைகளோடு இருந்தவர். திண்ணையில் இருந்தபடியே பார்த்துவிட்டு, "இது ஃபர்சேன்!" என்று சொல்லிவிட்டார். அந்த வார்த்தை தெருவில் யாருக்கும் புரியவில்லை. புரியாததாலேயே பயம் கூடிவிட்டது. மறுநாள் அது "குதிரைக்குக் குஷ்டம்" ஆகிவிட்டது. அதற்கு அடுத்த நாள் மாமாவின் பிள்ளைகளைத் தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்க விடவில்லை.

எனக்கு அந்த வார்த்தை புரிந்தது. பிரெஞ்சுப் பள்ளியில் எங்கள் வாத்தியார், மூக்கு ஒழுகும் சின்னப் பையன்களை 'மோர்வே' என்று திட்டுவார். மோர்வ் என்றால் மூக்குச் சளி. குதிரை நோய்க்கும் அதே பெயர் வந்தது, மூக்கு ஒழுகுவதால்தான். ஃபர்சேன் என்பதன் வேர், கொத்துக்கறி அடைத்த குடலைக் குறிக்கும் லத்தீன் சொல். சரம் சரமாகக் கட்டி வருவதைப் பார்த்து வைத்த பெயர். அகராதியில் அதைப் படித்தபோதே எனக்கு ஒன்று உறுத்தியது. ராணியின் கட்டிகள் சரமாக இல்லையே, முதுகில் சிதறித்தானே கிடக்கின்றன? ஆனால் இருபத்திரண்டு வயது குமாஸ்தாவின் அகராதியை நம்பி ஒரு தெரு சமாதானம் ஆகாது. டாக்டரிடம் சொன்னேன். அன்று சாயங்காலமே வந்துவிட்டார்.

தெருவே கூடி நின்றது. டாக்டர் கையுறை மாட்டிக்கொண்டு கட்டி கட்டியாகத் தடவினார். மூக்கைப் பார்த்தார், தாடைக்கு அடியில் நெறி கட்டியிருக்கிறதா என்று பார்த்தார், காலின் உள்பக்கம் மேலிருந்து கீழ்வரை விரலை ஓட்டினார். பிறகு, "எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் இவர்களுக்கு இருக்கிறதே" என்று என்னிடம் மெதுவாகச் சொல்லிவிட்டு, கீழ் இமையில் மல்லீன் ஊசி போட்டார். நோய் இருந்தால் இரண்டு நாளுக்குள் இமை வீங்கி, கண்ணில் சீழ் வடியும். இல்லையென்றால் ஒன்றும் ஆகாது.

"அதுவரைக்கும் வண்டி கட்டக் கூடாது. யாரும் கிட்டப் போக வேண்டாம். தண்ணீர்த் தொட்டி தனியாக இருக்கட்டும்" என்றார்.

மாமா என்னைப் பார்த்து, "தம்பி, கண்ணு வீங்கினா சுட்டுடுவாங்களா?" என்று கேட்டார். பாரத்தில் குதிரையின் நிறம், வயது, அடையாளம் எழுதிக்கொண்டிருந்தேன். "வீங்காது மாமா" என்று சொல்ல வாய் வந்தது, ஆனால் அதைச் சொல்ல எனக்கு என்ன அதிகாரம்? "நாளன்னிக்கு டாக்டர் வந்து சொல்லுவார் மாமா" என்றேன். அவர் அந்த இரண்டு ராத்திரியும் லாயத்துக்கு வெளியே, ஒரு லாந்தரை வைத்துக்கொண்டு குந்தியிருந்ததாக அவர் வீட்டு அத்தை பிறகு சொன்னார்கள்.

மூன்றாம் நாள் டாக்டர் வந்தார். ராணியின் கண் தெளிவாக இருந்தது. எல்லோர் முன்னாலும் இமையை விலக்கிக் காட்டினார். சொல்தா ஐயாவையும் கூப்பிட்டுக் காட்டினார். அவர் எட்டிப் பார்த்துவிட்டு, "நல்லதாப் போச்சு, முசியே" என்றார். அப்புறம் மாமா கையைப் பிடித்துக்கொண்டார். அவரையும் குறை சொல்ல முடியாது. அந்த நோய் பட்டாளத்தில் எத்தனை குதிரைகளைக் கொண்டுபோகும் என்று அறிந்தவர்.

முதுகில் இருந்தது ஈக்கடி உருண்டைகள். காலில் இருந்தது கயிறு உராய்ந்த புண். வைத்தியம் பெரிதாக ஒன்றுமில்லை. லத்தியைத் தினமும் அள்ளி லாயத்தைக் காயவிடுவது, அந்தி நேரத்தில் வேப்பிலைப் புகை, சேணம் படும் இடத்தில் புது மெத்தை, புண்ணுக்குக் களிம்பு. பெரிய உருண்டைகள் இரண்டுக்கு மட்டும் டாக்டர் ஊசி போட்டார். மிச்சத்தை அப்படியே விட்டுவிடச் சொன்னார். சிலது கரைந்தது, சிலது கடைசிவரை இருந்தது. ராணி அதற்குப் பிறகு நான்கைந்து வருஷம் வண்டி இழுத்தது.

கிளாண்டர்ஸ் பழங்கதை என்று நினைக்க வேண்டாம். 2006-இல் மகாராஷ்டிராவில் மீண்டும் தலைகாட்டி, வட மாநிலங்கள் பலவற்றிலும் பரவியது. 1899 சட்டத்தின் இடத்தை 2009-இல் வந்த புதிய சட்டம் எடுத்துக்கொண்டது. இப்போது ரத்தப் பரிசோதனையிலேயே கண்டுபிடித்துவிடுகிறார்கள்.

பேரப்பிள்ளைகளை மெரினாவில் குதிரை ஏற்றிவிடுகிற தாத்தா பாட்டிகளுக்கு ஒரு வார்த்தை. குதிரையின் மேல் கட்டியைக் கண்டால் அலறவும் வேண்டாம், அலட்சியமும் வேண்டாம். மூக்கில் கெட்டியான சளியோ, காலில் வரிசையாக உடைந்த புண்ணோ இருந்தால் குழந்தையைக் கிட்ட விடாதீர்கள். குதிரைக்காரரிடம் தனியாகக் கூப்பிட்டு, கால்நடை டாக்டரிடம் காட்டச் சொல்லுங்கள். நோயின் பெயரை மட்டும் நீங்கள் சொல்லாதீர்கள். அந்தக் குதிரையை நம்பி ஒரு வீட்டில் அடுப்பு எரிகிறது.