கண்ணுக்குத் தமிழ், பொறிக்கு வேறு

உயர்தர வகுப்பு மாணாக்கருக்கென நாம் சேதன இரசாயனக் குறிப்புகளை எழுதப் புகுந்தது, தனியார் வகுப்புகளுக்குப் பணங்கட்ட இயலாத பிள்ளைகளை மனத்திற் கொண்டேயாம். மூன்றாண்டு இரவுகளை விழுங்கிய அக்குறிப்புகளை ஓர் இணையத்தளத்தில் இட்டுவிட்டு, இனி நாட்டின் எம்மூலையிலிருந்தும் பிள்ளைகள் எடுத்துப் படிப்பர் என்று இறுமாந்திருந்தோம். ஓராண்டு கழிந்தது. வந்து பார்த்தோர் தொகை எம் வீட்டார் தொகையை அதிகந் தாண்டவில்லை.

இடையில் ஒருவர், கூகிளின் முதற்பக்கத்தில் எம்மை ஏற்றிவைப்பதாக வாக்களித்துப் பணமும் பெற்றுச் சென்றார். அவர் செய்த வைத்தியம், 'இரசாயனம்', 'வினாத்தாள்' முதலான சொற்களை வெள்ளைப் பின்னணியில் வெள்ளை நிறத்திலே பலமுறை எழுதி ஒளித்து வைத்ததுதான். தேடுபொறியார் வெளிப்படையாகவே விலக்கியுள்ள வேலை அது. படித்த எமக்கு இது தெரியாமற் போனமை வெட்கமே.

நிற்க. சென்ற ஆவணி விடுமுறையில், கணினித்துறையிற் பணியாற்றும் எம் பழைய மாணவன் ஒருவன் வீட்டுக்கு வந்தான். எம் பக்கத்திலிருந்து ஒரு வரியைப் பிரதிசெய்து வெற்றுக் கோப்பொன்றில் ஒட்டினான். வந்து விழுந்தது ஆங்கில எழுத்துக் குவியல்!

"சேர், நீங்கள் பாமினியில அடிச்சிருக்கிறியள். எங்கட கண்ணுக்குத்தான் இது தமிழ்," என்றான்.

பாமினி எழுத்துருவில் அகரம் என்பது உண்மையில் ஆங்கிலச் சிறிய 'எம்'. அதன்மேல் தமிழ் உருவம் போர்த்தப்பட்டுள்ளது. எழுத்துருவைத் தளத்துடனேயே இணைத்திருந்தமையால் எமக்குக் குறை தோன்றவில்லை. உருவத்தைப் பாராது குறியீட்டையே வாசிக்கும் தேடுபொறிக்கோ ஒரு சொல்லும் விளங்கவில்லை. யூனிகோட்டில் அகரத்துக்கு 2949 என்னும் தனியெண் உண்டு; அதனை வேறெந்த எழுத்தாகவும் மயங்க இடமில்லை. பழைய தமிழ்த் தளம் வைத்திருக்கும் அன்பர்கள் இந்த ஒட்டுச் சோதனையை இன்றே செய்து பார்க்கலாம்.

மாற்றித் தரும் கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆயின் அவற்றை நம்பிக் கண்ணை மூடலாகாது. மெதேனின் சூத்திரமாகிய சீ, எச், நான்கு என்பதை அக்கருவி பாமினி எனக் கருதி 'ஊர்4' என்று மாற்றியது! சூத்திரம் ஒவ்வொன்றையும் கையாலே திருத்த எமக்கு இரண்டு மாதம் பிடித்தது.

அவ்வேளையில் வேறு குறைகளும் அகப்பட்டன. எல்லாப் பக்கங்களுக்கும் 'இரசாயனம்' என்ற ஒரே தலைப்பு, பாடந்தோறும் வேறாக்கினோம். தளத்தை அமைத்த நாளில் 'அட்டவணைப்படுத்தற்க' என்று தேடுபொறிக்கு இட்ட கட்டளை சில பக்கங்களில் நீக்கப்படாமலே கிடந்தது. கைபேசியில் திறக்கத் திணறிய பெரும் படங்களையும் சுருக்கினோம்.

தை மாதம் மாங்குளத்து மாணவி ஒருத்தி மின்னஞ்சல் எழுதினாள். கூகிளில் 'அல்கீன் தாக்கங்கள்' என்று தேடியபோது எம் பக்கம் கிடைத்ததாம். "சேர், ஏழாம் பாடத்தில் 'ஊர்4' என்று ஒன்று கிடக்கிறது. அது என்ன சேர்வை?" என்று கேட்டிருந்தாள். அன்றிரவே திருத்தினோம்.