ஆட்டமும் ஆணையும்

செஞ்சிக் கோட்டையை அடுத்த தளவானூர் எம் ஊர். ஆங்குள்ள குன்றொன்றில், ஏழாம் நூற்றாண்டில் மகேந்திரவர்ம பல்லவன் குடைவித்த கோயில் உளது. 'சத்துருமல்லன்' என்னும் அவன் விருதுப்பெயரே அதற்கும் பெயராயிற்று. பகைவரோடு மற்போர் புரிவோன் என்பது அதன் பொருள். அறுவடை ஒழிந்த அவ்வூர் வயல்களில் யாம் கிரிக்கெட்டு ஆடி வளர்ந்தோம். நண்பனைப் பகைவனாக்கும் கல்வியையும் ஆங்கே கற்றோம் என்பதே எம் வருத்தம்.

எம் குழுவின் பெயரேடு எம் கையில் இருந்தது. மூன்றாண்டுகட்கு முன் ஒரு கோடையில், அயலூர்ச் செல்வர் ஒருவர் புதிய பந்தயம் ஒன்றைத் தொடங்கி, ஆட்டமொன்றுக்கு இருநூறு ரூபாய் தருவதாக அறிவித்தார். எம் குழுவிற் சிறந்த பந்து வீச்சாளனும், எம்மோடு ஒரே பலகையில் அமர்ந்து பயின்றவனுமாகிய நண்பன் அங்குச் சென்றான். அவன் வீட்டு நிலையை யாம் அறியாதவரல்லோம். அறிந்திருந்தும், "சென்றவன் இனி இங்கு ஆடலாகாது" என்று கூறி, அவன் பெயரை ஏட்டினின்றும் அடித்தோம். அதனை ஒழுங்கு காத்தல் என்றும் கருதிக்கொண்டோம்.

எம் பிழையின் பேருருவைப் பின்னர் வரலாற்றிற் கண்டோம். 2007ஆம் ஆண்டில் ஜீ நிறுவனத்தார் இந்தியன் கிரிக்கெட் லீக் என்னும் தனிக்கழகத்தை நிறுவினர். கபில்தேவ் அதற்குத் தலைமை பூண்டார். ஆறு குழுக்கள் பஞ்சகுலாவிற் பொருதன. அவ்வாண்டு டிசம்பரில் வாகை சூடியது சென்னை சூப்பர்ஸ்டார்ஸ் குழுவே. இந்தியக் கிரிக்கெட்டு வாரியமோ அக்கழகத்தை ஏற்க மறுத்து, அதிற் சேர்ந்தோர் நாட்டுக்காகவும் மாநிலத்துக்காகவும் ஆடலாகாதென விலக்கிற்று. விலக்கியதோடு அமைந்ததோ? அவ்வாண்டு செப்டம்பரிலேயே, அதே இருபது ஓவர் ஆட்டத்தை, நகரக் குழுக்களைக் கொண்டே, ஐ.பி.எல். என்னும் பெயரால் தானும் அறிவித்து, 2008 ஏப்ரல் 18ஆம் நாள் பெங்களூரில் தொடங்கிற்று. 2009இல், பிரிந்து சென்றோர்க்கு மன்னிப்பு வழங்கப்பெற்றது. முந்திய கழகமும் மறைந்தது. அங்ஙனம் மீண்ட அம்பத்தி ராயுடு 2013இல் இந்திய அணியிற் புகுந்தார். ஏனையோர் பலர்க்கோ, கழிந்த ஆண்டுகள் கழிந்தனவே.

அமெரிக்க நாட்டிலும் இக்கதை பழையது. ஒருமுறை சேர்ந்த வீரனைக் குழுவினர் விடாது பற்றிக்கொள்ளும் விதியை வெறுத்த பேஸ்பால் வீரர், 1890இல் தமக்கெனத் தனிக்கழகம் கண்டனர். பொருளுதவியோர் பின்வாங்கவே, ஓராண்டில் அது வீழ்ந்தது. அவ்விதியோ 1975 வரை நிலைத்தது.

இவற்றைப் படித்த பின்னரே எம்மை நாணம் பற்றிற்று. என்னை? நண்பனை நீக்கிய மறு ஆண்டே, ஆள் குறைந்தமையால், யாமும் ஊரில் பணந்திரட்டி, ஆடுவோர்க்கு ஆட்டத்துக்கு இருநூறு ரூபாய் கொடுத்தோம். எதனைக் குற்றமென்று அவன் பெயரை அடித்தோமோ, அதனையே எம் வழக்கமாக்கினோம். அவனை மட்டும் அழைத்தோமல்லோம்.

சென்ற கிறிஸ்துமஸ் விடுமுறையில் அவன் இல்லம் சென்றோம். புதுச்சேரியில் வேலை பார்க்கும் அவன், அன்று ஊருக்கு வந்திருந்தான். யாம் பேசத் தொடங்குமுன்னரே, "அதெல்லாம் பழங்கதை, முதலில் காப்பி குடி" என்றான். அவன் தாயார் பலகாரமும் கொணர்ந்தார். எம் தொண்டையில் இறங்கவில்லை.

வீடு திரும்பியதும் ஏட்டை எடுத்து, அடித்த பெயரின் கீழ் அப்பெயரையே மீண்டும் எழுதினோம். அவனுக்கு ஞாயிற்றுக்கிழமையிலும் வேலை. பெயர் வந்துவிட்டது; ஆள் இன்னும் வரவில்லை.