ராஜு சொன்ன கதை

'நான்' என்று தொடங்கித் தன் கதையைத் தானே உரைக்கும் பாத்திரத்தை வாசகர் எவ்வளவு தூரம் நம்பலாம்? ஆங்கில நாவல்களைப் பயில்வோர் முன் எழும் பழைய வினா இது. எமிலி பிராண்டேயின் 'வுதரிங் ஹைட்ஸ்' (1847) நாவலில் கதையின் பெரும்பகுதியைச் சொல்பவள் நெல்லி டீன் என்னும் பணிப்பெண். தான் செய்தவற்றையும் செய்யாது விட்டவற்றையும் அவள் தனக்குச் சாதகமாகவே எடுத்துரைக்கிறாள். இத்தகையோருக்கு 'நம்பத்தகாத கதைசொல்லி' என்னும் பெயரை வேய்ன் பூத் என்ற அமெரிக்கத் திறனாய்வாளர் 1961இல் வழங்கினார். அதற்கு மூன்று ஆண்டுகள் முன்னரே, சென்னையில் பிறந்த ஆர்.கே. நாராயண் 'தி கைடு' (1958) நாவலில் அத்தகைய ஒருவனை நம் முன் நிறுத்திவிட்டார். ஆங்கில நூல்களுள் முதன்முதலாகச் சாகித்திய அகாதெமி விருது (1960) பெற்ற நூல் அதுவே.

குருமாணவராய் இருந்த நாள்களில் நாம் அதனை ஆங்கிலப் பயிற்சிக்காக வாசித்துச் சிரித்தோம். பங்குப்பணியில் ஆண்டுகள் பல கழிந்தபின் வாசிக்கையில், மனித உள்ளத்தைப் பற்றிய பாடநூலாகவே அது தோன்றுகிறது.

மால்குடி புகைவண்டி நிலையத்தில் கடை வைத்திருந்த ராஜு, பயணிகளுக்கு வழிகாட்டியாகிறான். 'தெரியாது' என்று சொல்ல அவனுக்கு நா எழுவதில்லை. ஆய்வாளர் மார்கோவின் மனைவி ரோசியின்மீது காதல் கொள்கிறான். அவளைப் புகழ்பெற்ற நாட்டியக் கலைஞராக்குகிறான். அவள் ஈட்டிய பணத்தில் ஆடம்பரமாய் வாழ்கிறான். இறுதியில் அவளது கையொப்பத்தைத் தானே இட்டுச் சிறை செல்கிறான். விடுதலை பெற்று, ஆற்றங்கரைப் பாழடைந்த கோயிலொன்றில் ஒதுங்கியவனை, வேலன் என்னும் கிராமத்தான் மகானென்று எண்ணிவிடுகிறான். தன் பழங்கதை முழுவதையும் ராஜு வேலனிடம்தான் சொல்கிறான்.

அக்கதையில் ராஜு பொய் சொல்கிறானா? பெரும்பாலும் இல்லை. நிகழ்ச்சிகளை அவன் மறைப்பதில்லை. ஆனால், ரோசி வந்திராவிடில் தனக்குத் துன்பமே நேர்ந்திராது என்கிறான். ஏதேன் தோட்டத்தில் ஆதாம் சொன்ன பதிலும் இதுதானே! செயலுக்குப்பின் அதற்கு ஏற்புடைய காரணத்தைத் தேடிப் பொருத்தி, அதனைத் தாமே நம்பிவிடும் இவ்வியல்பை 1908இல் ஏர்னஸ்ட் ஜோன்ஸ் என்னும் உளவியலறிஞர் விளக்கினார். நம்பத்தகாத கதைசொல்லி பிறரை ஏமாற்றுமுன் தன்னையே இணங்க வைத்துவிடுகிறான்.

அருட்சாதன இரகசியத்துக்குப் புறம்பே, பங்கு இல்லத்துக்கு வந்து வழக்குரைப்போரிடமும் இதனைக் காணலாம். கூட்டாகப் பனியன் தொழில் நடத்திப் பிரிந்த இருவர் தனித்தனியே வந்து முறையிட்டால், நாள்களும் தொகைகளும் இருவர் வாயிலும் ஒன்றாகவே இருக்கும். வினைச்சொற்கள்தாம் மாறும். மற்றவன் 'பணத்தை எடுத்தான்'. தன் கையிலோ 'பணம் செலவாகிவிட்டது'. கணவன் மனைவியர் பிணக்கிலும் இவ்வாறே. 'அவர் அடித்தார்' என்று அவள் சொல்வதை, 'கை ஓங்கும்படி ஆகிவிட்டது' என்று அவன் சொல்வான். ஆகையால், எவர் சொல்வது மெய் என்று தீர்ப்பிட விரையாமல், 'ஆகிவிட்டது' எப்போது 'செய்தேன்' என்று மாறுகிறது என்றே நாம் காத்திருக்கிறோம்.

நிற்க. ராஜு வேலனிடம் மனம் திறந்ததும் தூய நோக்கத்தால் அன்று. ஊரில் பஞ்சம், சச்சரவு. சண்டை ஓயும்வரை உண்ணமாட்டேன் என்று அவன் சொல்லியனுப்பிய செய்தியை, வேலனின் தம்பி மழை பெய்யும்வரை உண்ணமாட்டார் என்று மாற்றிச் சொல்லிவிடுகிறான். பட்டினியிலிருந்து தப்பவே ராஜு தன் இழிவையெல்லாம் கொட்டுகிறான். விடியும்வரை கேட்ட வேலனோ வெறுக்கவில்லை. எவரிடமும் சொல்லேன் என்கிறான். மீண்டும் 'சுவாமி' என்றே அழைக்கிறான். அதன்பின் ராஜுவால் தப்ப இயலவில்லை. வேண்டா வெறுப்பாய்த் தொடங்கிய நோன்பை ஒரு கட்டத்தில் முழு மனத்துடன் ஏற்கிறான். தனக்கென எதையும் எண்ணாமல் அவன் செய்யும் முதற்செயல் அது.

இறுதி நாளில், வற்றிய ஆற்றில் நின்றவாறு, மலைகளில் மழை பெய்வதைத் தன் கால்களில் உணர்வதாகச் சொல்லிச் சாய்கிறான். மழை வந்ததா? ஆசிரியர் சொல்லவில்லை. இக்கதைக்குத் தூண்டுதலாயிருந்த மைசூர் வறட்சியைத் தம் நினைவு நூலில் (1974) குறிப்பிடும் நாராயண், அங்குப் பதினொரு நாள் வேண்டுதலுக்குப்பின் பன்னிரண்டாம் நாள் மழை பெய்தது என்கிறார். நாவலிலோ அதனை உறுதிசெய்யாமல் விட்டுவிட்டார். பொய்யும் புரட்டுமாய் வாழ்ந்தவனின் கடைசிச் சொல்லை நம்புவதும் மறுப்பதும் நம் பொறுப்பாகிறது.

அமராவதி நகரில் வாழ்வோர்க்கு அச்சொல் விந்தையன்று. இங்கு வானம் வெளுத்திருக்கையிலும், மறையூர் மலைகளில் பெய்த மழை பாம்பாற்றின் வழியே இறங்கி அணையை நிரப்பும். மேலே பெய்ததைக் கீழே இருப்போர் நீரைக்கொண்டே அறிகின்றனர். மனமாற்றத்தையும் அவ்வாறே அறிகிறோம். ராஜு இரவெல்லாம் தன்னைப் பற்றியே பேசினான். கடைசியில் மழையைப் பற்றிப் பேசினான். அவன் சொன்னவற்றுள் அந்த ஒன்றை நாம் நம்புகிறோம்.