இருதயத்துக்கு எது வேண்டும்?

1958ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 8ஆம் திகதி, ஸ்வீடன் நாட்டின் கரோலின்ஸ்கா வைத்தியசாலையில், மனித உடலினுள்ளே முழுமையாகப் பதிக்கப்பட்ட முதலாவது இதயமுடுக்கி இயங்கத் தொடங்கியது. நோயாளியின் பெயர் ஆர்னே லார்சன். நாள்தோறும் பல தடவை நினைவிழந்து விழுந்துகொண்டிருந்த அவருக்காக, சத்திரசிகிச்சை நிபுணர் ஓக்கே செனிங்கையும் பொறியியலாளர் ரூனே எல்ம்குவிஸ்ற்றையும் விடாது வற்புறுத்தியவர் அவருடைய மனைவி. கருவியை வார்ப்பதற்குச் சப்பாத்துப் பூச்சு டப்பியே அச்சாக உதவியது. முதற் கருவி சில மணி நேரத்தில் நின்றுவிட்டது, இரண்டாவதை வைத்தார்கள். தம் வாழ்நாளில் 26 கருவிகளைப் பெற்ற லார்சன், அதனை ஆக்கியவரும் பதித்தவரும் மறைந்த பின்னரும் வாழ்ந்து, 2001இல் தமது 86ஆவது வயதிற் காலமானார்.

அன்று தெரிவு என்ற பேச்சுக்கே இடமில்லை. இருந்தது ஒன்றே. இன்றோ ஒரு கம்பியுள்ளது, இரு கம்பியுள்ளது, கம்பியே இல்லாதது என்று பல வகைகள் வந்துவிட்டன. தெரிவு செய்யும் உரிமை நோயாளிக்கு உண்டு என்கிறார்கள். அந்த உரிமையின் உண்மையான தன்மையைச் சென்ற ஆண்டு ஓர் அரசாங்க வைத்தியசாலைக் கட்டிலிற் கிடந்தபடி அறிந்துகொண்டேன்.

எழுபத்தொரு வயதில் என் நாடி நிமிடத்துக்கு 34 ஆக இறங்கிவிட்டது. 'பேஸ்மேக்கர்' வைக்கவேண்டும் என்றார்கள். செய்தி கேட்ட மகன் கனடாவிலிருந்து தொலைபேசியில் அழைத்தான். “அப்பா, காசைப் பற்றி யோசியாதேங்கோ. ஆகத் திறமானதை வைக்கச் சொல்லுங்கோ” என்றான். கடல் கடந்து வாழும் பிள்ளையின் அன்பு வேறு எப்படித்தான் பேசும்? விலை கூடியதே திறமானது என்று நம்பும்படி இந்தச் சந்தை உலகம் நம் எல்லோரையும் பழக்கியிருக்கிறது.

வைத்திய நிபுணர் ஓர் இளம் பெண். ஒரு கடதாசியில் இருதயத்தின் நான்கு அறைகளையும் கீறிக் காட்டினார். மேலறையிற் பிறக்கும் மின் துடிப்பு கீழறைக்கு இறங்கி வரவேண்டும். அந்த வழி அடைபட்டால், இரு கம்பியுள்ள கருவி மேலறையின் துடிப்பை உணர்ந்து, அதற்கு இசையக் கீழறையைத் தூண்டும். ஆனால் என் மேலறைகளோ பல ஆண்டுகளாகவே ஒழுங்கிழந்து வெறுமனே நடுங்கிக்கொண்டிருப்பவை. உணர்வதற்கு அங்கே ஒழுங்கான துடிப்பு இல்லை. “உங்களுக்கு ஒரு கம்பி போதும், சேர். இரண்டாவது கம்பி வீண், சிக்கலும் கூடலாம்” என்றார். கம்பியில்லாத சிறு குளிசைக் கருவியைப் பற்றியும் கேட்டேன். அமெரிக்காவில் 2016இல் அனுமதி பெற்ற அது சிலருக்குப் பெரும் உதவி. எனக்கு அதனால் தனிப்பட்ட பயன் இல்லை என்று விளக்கினார். எனக்கு வேண்டியது வைத்தியசாலையின் கையிருப்பில் இலவசமாகவே இருந்தது.

அடுத்த கட்டிலில் 48 வயதுக் கடற்றொழிலாளி ஒருவர். அவருடைய மேலறைகள் செம்மையாக இயங்கின. கீழறைக்குப் போகும் வழிதான் முற்றாக அடைபட்டிருந்தது. இன்னும் பல ஆண்டுகள் வலை இழுக்கவேண்டிய உடம்பு அது. இரு கம்பிக் கருவி உண்மையாகவே தேவைப்பட்டவர் அவர்தான். அது கையிருப்பில் இல்லை. காத்திருக்கலாம், அல்லது வெளியே வாங்கிக் கொடுக்கலாம் என்றார்கள். நாளம் வழியே செலுத்திய தற்காலிகக் கம்பி ஒன்றே அவர் உயிரைத் தாங்கி நின்றது. அது உள்ளே இருக்கும் ஒவ்வொரு நாளும் தொற்று ஏற்படும் ஆபத்துக் கூடிக்கொண்டே போகும்.

பணம் இருந்த இடத்தில் தேவை இல்லை; தேவை இருந்த இடத்தில் பணம் இல்லை. மகன் அனுப்ப இருந்த பணத்தைப் பற்றி அவரிடம் சொன்னேன். சிறிது நேரம் பேசாதிருந்துவிட்டு, “மாஸ்ரர், எனக்கு உங்கட மகன் தருவார். நாளைக்கு இந்தக் கட்டிலுக்கு வாறவனுக்கு ஆர் குடுக்கிறது?” என்று கேட்டார். என்னிடம் விடை இருக்கவில்லை. மேலிடத்துக்கு ஓயாமல் எழுதியும் பேசியும் அந்த இளம் வைத்தியர் ஒன்பதாம் நாள் கருவியை வரவழைத்தார். பதிக்குமுன் அவர் கேட்ட கேள்வி என்னை வியக்கவைத்தது: “எந்தக் கையால் பாரத்தை இழுக்கிறனீங்கள்?” கருவி தோள் எலும்பின் கீழே இருப்பது, கம்பி அந்த வழியாகவே உள்ளே இறங்குகிறது. உழைக்கும் தோள் எது என்று அறிவதும் வைத்தியத்தின் ஒரு பகுதியன்றோ?

தட்டுப்பாட்டுக்கு வேறு வழிகளும் தேடப்பட்டிருக்கின்றன. இறந்தவர்களின் உடலிலிருந்து எடுத்த கருவிகளைச் சுத்திகரித்து, மெக்சிக்கோ, குவாத்தமாலா முதலிய நாடுகளின் ஏழை நோயாளருக்கு அனுப்பியது மொன்றியல் இருதய நிறுவனம். அவ்வாறு பெற்ற 1051 பேரைப் புதிய கருவி பெற்ற 3153 கனேடியரோடு ஒப்பிட்ட ஆய்வு 2020இல் வெளிவந்தது. இரண்டு ஆண்டுகளில் தொற்றுக் கண்டவர்கள் முறையே 2 வீதமும் 1.2 வீதமும், இந்த வேறுபாடு புள்ளியியல் முறைப்படி உறுதிப்படவில்லை. இது மனிதாபிமானமுள்ள பணி என்பதில் ஐயமில்லை. ஆயினும் செல்வந்த நாட்டில் எஞ்சியது ஏழை நாட்டின் பங்கு என்பதை நாம் நீதியாக ஏற்றுக்கொள்ள முடியாது.

ஆசிரியர்களும் மாணவர்களும் இக்கருவிகளைப் பற்றிச் சாதாரண மக்களுக்கு எடுத்துச் சொல்லவேண்டும். என் இருதயத்தில் எது பழுது? எத்தனை கம்பி, ஏன்? என் தொழில் என்ன? வெல்டிங் வேலை செய்பவன் மீண்டும் அந்த வேலைக்குப் போகலாமா? சுமார் பத்து ஆண்டுகளில் மின்கலம் தீர்ந்ததும் என்ன செய்வது? இவற்றைக் கேட்கத் தெரிந்தவனே தெரிவு செய்ய வல்லவன். கேட்டறிந்த பின்னர் அவனுக்கு உரியது கையிருப்பில் இருக்கவேண்டும். கேட்கும் அறிவை நாம் வளர்க்கலாம். கையிருப்பை அரசிடம் உரிமையோடு கோரவேண்டும். எந்தக் கருவி என்பதை நோயாளியின் இருதயமும் அவனுடைய உழைப்புமே தீர்மானிக்கட்டும்.