கண்ணுக்கும் ஹக்குண்டு

நோயாளியைப் பராமரித்த பெண்ணைப் பற்றி எங்கள் ஊரில் ஒரு புகழுரை உண்டு: "பொட்டுத் தூக்கமில்லாமப் பாத்தா." அந்தத் தூக்கமின்மை அவளை என்ன செய்தது என்று எவரும் கேட்பதில்லை.

வாப்பா பாரிசவாதத்தில் விழுந்தபோது இரவுகள் ராத்தாவின் பொறுப்பாயின. படுக்கைப் புண் வராமலிருக்க இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருதரம் வாப்பாவைப் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். முதல் வாரம் ராத்தா தலையிடி என்றார். மூன்றாம் வாரம், "இப்ப பழகிப்போச்சு தம்பி" என்றார். அந்த வாரம்தான் தேநீரில் சீனிக்குப் பதில் உப்பு விழுந்தது. குசினிக்குப் போய், எதற்கு வந்தோம் என்று தெரியாமல் நின்றார். பேரன் கோப்பையொன்றை உடைத்ததற்கு விம்மி விம்மி அழுதார். சாப்பாடும் மாத்திரையும் மாறவில்லை. ஆனால் கிளினிக்கில் சீனி ஏறியிருந்தது.

2003இல் வெளியான பென்சில்வேனியாப் பல்கலைக்கழக ஆய்வொன்றில், ஆரோக்கியமான சிலரை 14 நாட்கள் இரவில் 6 மணித்தியாலம் மட்டுமே படுக்கவிட்டார்கள். அவர்களது கவனம் நாளுக்கு நாள் சரிந்து, முழு இரவு கண்விழித்தவரின் நிலைக்கு வந்தது. ஆயினும் தூக்கக் கலக்கம் பெரிதாகக் கூடியதாக அவர்கள் உணரவில்லை. குறையை அளக்க வேண்டிய மூளையே குறைந்துபோனால் யார் அளப்பது? ராத்தாவின் "பழகிப்போச்சு" எனக்கு அப்போது விளங்கியது.

உடம்பும் தப்புவதில்லை. 1999இல் சிக்காகோவில் 11 இளைஞர்களை ஆறு இரவுகள் 4 மணித்தியாலமே படுக்கவிட்டபோது, இரத்தத்திலுள்ள சீனியைக் கையாளும் ஆற்றல் அவர்களுக்குத் தெளிவாகவே குறைந்தது. தொடர்ந்து 17 மணித்தியாலம் விழித்திருப்பவரின் தடுமாற்றம், இரத்தத்தில் 0.05 வீதம் மதுசாரம் உள்ளவரின் தடுமாற்றத்துக்குச் சமம் என்று 1997இல் மற்றோர் ஆய்வு காட்டியது. மதுவை வாசலிலேயே மறிக்கும் சமூகம் நாம். அதே தடுமாற்றத்திலிருக்கும் ஒருத்தியின் கையில்தான் நோயாளியின் மருந்துப் பெட்டியைக் கொடுத்து வைத்திருக்கிறோம்.

இரவெல்லாம் நின்று வணங்கிய அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரழி) அவர்களிடம், உடம்புக்கும் கண்ணுக்கும் உரிய ஹக்கை நபியவர்கள் (ஸல்) நினைவூட்டினார்கள். வணக்கத்துக்கே அந்த வரம்பு என்றால் பணிவிடைக்கு இல்லையா?

பிறகு நானும் நானாவும் ராத்தாவின் மகனும் முறை வைத்துக்கொண்டோம். வாப்பாவைப் புரட்டும் பக்குவத்தை ராத்தாதான் எங்களுக்குச் சொல்லித் தந்தார். நாலைந்து இரவுகள் நன்றாகத் தூங்கிய பின்னர்தான், தான் எவ்வளவு களைத்திருந்தேன் என்பது அவருக்கே தெரிந்தது.

சுகம் விசாரிக்கப் போகையில் தோடம்பழமும் பிஸ்கட்டும் கொண்டு போகிறோம். சொந்தக்காரராயிருந்தால், ஓர் இரவையும் ஏற்றுக்கொண்டு வரலாம்.